உள்ளங்காலை எப்பலே பாத்தே?

ஏலே தம்பி, கையில என்னமோ வில்லையை ஒட்டிக்கிட்டு அலையுதியே, என்னது அது? சென்சாரா? சுகர் எவ்வளவுன்னு நிமிசத்துக்கு நிமிசம் போன்ல காட்டுமாக்கும். நல்லது. ஒரு முறுக்கைத் தின்னுட்டுப் போனைப் பாக்கே. கோடு ஏறுது, ஒம் மூஞ்சி இறங்குது. பொறவு மிச்ச முறுக்கையும் தின்னுட்டுப் போனைப் பையில போட்டுக்கிடுதே. இதுக்கு எதுக்குலே மிசினு?

ஒங்க கூட்டத்துக்குச் சீனிதான் வில்லன். கருப்பட்டி மட்டும் மாமன் மச்சான். பனையில இறக்குனா என்ன, கரும்புல புழிஞ்சா என்ன, ரத்தத்துல போய்ச் சேந்தா எல்லாம் சர்க்கரைதாம்லே. கேப்பை நல்லதுன்னு எவனோ சொன்னாம்னு செம்பு நிறைய கூழு வேற. மாவாத் திரிச்சுக் கூழாக் காச்சுனா அதுவும் சுகரை விறுவிறுன்னு ஏத்தும். நாங்க அதைக் குடிச்சுட்டுப் பொழுது சாயுற வரைக்கும் கமலை இறைச்சோம். நீ குடிச்சுட்டு லிப்டுல ஏறுதே.

டாக்டர்ட்ட போறதுக்கு முந்தி ரெண்டு நாளு ஒரு கூத்து நடக்குமே! பாவக்கா, வாக்கிங்கு, ராத்திரி பட்டினி. வெறும் வயித்துல 110 வந்துட்டாப் பல்லு முப்பத்திரெண்டும் தெரியும். அவரு லேசுப்பட்டவரா? மூணு மாசச் சராசரி எடுத்துட்டு வாம்பாரு. ரத்தச் சிவப்பணு ஏறக்கொறைய 120 நாளு உசிரோட இருக்கும். அம்புட்டு நாளு சர்க்கரையும் அதுல ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். சித்தி மவ கல்யாணத்துல ரெண்டாந்தடவை கேட்டு வாங்குன பாயாசமும் கணக்குல வந்துரும். 7-க்குள்ள இருக்கணும்னு அவரு சொல்லியிருப்பாரு, 9-ல வந்து நிக்கும். ஒடனே லேப்காரன் மேல பழி.

இந்தச் சீக்கு பெரிய கள்ளன். பல்லு வலிச்சா நடுச்சாமத்துல ஓடுதே, இது வலிச்சாத்தானே? கண்ணுக்குள்ள இருக்க சன்ன ரத்தக் குழாயைச் சத்தமில்லாம அரிக்கும். பார்வை மங்கி நீ முழிக்கையில முக்காவாசி வேலை முடிஞ்சிருக்கும். சிலருக்கு மாரடைப்பே நெஞ்சுவலி இல்லாம வருது. வருசத்துக்கு ஒருக்க கண்ணுல மருந்து ஊத்தி விழித்திரையைப் பாத்தியா? மூத்திரத்துல புரதம் போவுதான்னு பாத்தியா? அதுக்கு மட்டும் ஒனக்கு லீவு கிடைக்காதாக்கும். கவர்மெண்டுல 2021-லேருந்து மாத்திரையை வீடு தேடிக் கொண்டாந்து தாராவ. ஒங்க ஆச்சி வாங்கி மறக்காம முழுங்குதா. அவளுக்குச் சென்சாரும் தெரியாது, கோடும் தெரியாது.

காலுதாம்லே பெரிய சங்கதி. நம்ம தெருவுல சுகர் உள்ள ஒரு பெரியவரு, ஒத்தக் கால் செருப்பு கழண்டு விழுந்தது தெரியாமலே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போனாரு. ஊரே சிரிச்சுது. நரம்பு செத்துப்போச்சுன்னு ஒருத்தருக்கும் ஒறைக்கலை. பொறவு ஆணிக்காலைப் பிளேடு வச்சுச் சீவுனாரு. ரத்தம் வந்துது, வலிக்கலை. வலிக்கலைன்னா ஒண்ணுமில்லைன்னு மஞ்சளை அப்பிட்டு வயலுக்குப் போனாரு. புண்ணு ஆறணும்னா ரத்தம் ஓடணும்லா? குழாய்தான் அடைச்சுக் கிடக்கே. மொதல்ல வெரலை எடுத்தாவ. அடுத்த வருசம் முழங்காலுக்குக் கீழ எடுத்தாவ. அதுக்குப் பொறவு எவனும் சிரிக்கலை.

நீ என்னடான்னா வெறுங்காலோட நடந்தா பூமியிலேருந்து சக்தி ஏறும்னு எவனோ போன்ல சொன்னதைக் கேட்டுக்கிட்டு ஓடைக்கரையில நடக்கே. ஏறும்லே, கருவேல முள்ளு. டாக்டர் எழுதித் தந்த எம்.சி.ஆர். மெத்து ரப்பர் செருப்பு எங்கன்னு கேட்டா, பாக்க நல்லாயில்லைங்கே. கோயிலுக்குப் போனா உச்சிவெயில்ல கல்லுத் தரையில பிரகாரம் சுத்துதே. கொப்புளம் வந்தாலும் ஒனக்குத் தெரியாது, சாமிக்கு மட்டுந்தான் தெரியும்.

ராத்திரி படுக்கப்போறதுக்கு முந்தி உள்ளங்காலைப் பாரு. வெரல் இடுக்கையும் பாரு. குனிய முடியாம தொப்பை இடிச்சாக் கண்ணாடியைக் கீழ வச்சுப் பாரு. தலை சீவுறதுக்கு அதும்முன்னால அரை மணி நேரம் நிக்கேல்லா? எங்க, அந்தச் சாக்ஸைக் கழட்டு பாப்பம். என்னலே நெளியுதே, நாத்தமா? ஏ ஆச்சி, ஜன்னலைத் தெற!