ஐந்து கட்டை

1988-ல் பணியாணையைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் பஸ்ஸில் வந்து மண்டகப்பட்டுப் பக்கம் இறங்கியபோது, என் கையில் ஒரு துணிப்பையும் ஒரு சுருதிப்பெட்டியும் இருந்தன. அப்போது அதெல்லாம் தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல்தான். ஓட்டுக்கூரை போட்ட தொடக்கப் பள்ளி, மணிக்குப் பதிலாக வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு, சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லை. தொடக்கப் பள்ளியில் பாட்டு வாத்தியாருக்கென்று தனி இடம் அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. கணக்குப் போடச் சொல்லித் தருகிறவர்தான் பாட்டும் சொல்லித் தரவேண்டும். எனக்குக் கொஞ்சம் சங்கீதம் தெரியும் என்பதால் வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரத்தை எனக்கே எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

புரந்தரதாசர் வகுத்த வழி என்று எனக்குச் சொல்லித் தந்தபடியே மாயாமாளவகௌளையில் சரளி வரிசையிலிருந்து தொடங்கினேன். சுருதிப்பெட்டியை ஒரு கட்டையில் வைத்து நான் ‘ஸ’ பிடித்தால், நாற்பது பிள்ளைகளும் எங்கோ ஓர் உயரத்திலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். கையைத் தாழ்த்தி, ‘கீழே, இன்னும் கீழே’ என்பேன். சிலர் முனகுவார்கள், சிலர் வாயை மட்டும் அசைப்பார்கள், சிறுமிகள் சும்மா இருந்துவிடுவார்கள். ஒரு கட்டை ஆண் குரலின் சௌகரியம், பெண்களும் குழந்தைகளும் ஐந்து கட்டையை ஒட்டிப் பாடினால்தான் தொண்டை திறக்கும் என்கிற எளிய சங்கதி அந்த இருபத்தாறு வயதில் எனக்கு உறைக்கவே இல்லை. என் சுருதிக்கு அவர்கள் இறங்கி வரவேண்டும் என்று இரண்டு வருஷம் போல நம்பிக்கொண்டிருந்த அந்த இளைஞனை இப்போது நினைத்தால் கோபம் வருவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டுப் பேசவேண்டும் போலத்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் அதே பிள்ளைகள் மத்தியானத்தில் வாய்ப்பாடு சொல்லிக் கேட்கவேண்டும். சத்துணவு முடிந்து, வெயில் ஓட்டுச் சந்து வழியாகக் காசு காசாகத் தரையில் விழுந்துகொண்டிருக்கும் நேரம், ஒருவன் முன்னால் நின்று எடுத்துக் கொடுக்க, நாற்பது தொண்டையும் ஏழாம் வாய்ப்பாட்டை ஒரே இழுப்பாக இழுக்கும். அதற்கு ஒரு ராகம் இருந்தது, ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் ஒரு தாழ்வு இருந்தது, மூச்சு விடும் இடமும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது. நீங்களும் அப்படித்தானே படித்தீர்கள்? உங்கள் ஊர் ராகம் வேறாக இருக்கலாம், ஆனால் பதினாறாம் வாய்ப்பாட்டை இன்றைக்கும் மெட்டு இல்லாமல் சொல்ல வராது. வாய்ப்பாடும் வாய்ப்பாட்டும் பக்கத்துப் பக்கத்து வீடுகள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

தெரிய வைத்தது கூத்துதான். பங்குனி, சித்திரை வந்தால் செஞ்சி வட்டாரத்தில் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்துவிடுவார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள், வந்த பாதியும் தூங்கும். அப்படி ஒரு காலையில், கணக்கில் எப்போதும் பின்தங்கிய ஒரு பையன், நான் உள்ளே வந்ததைக் கவனிக்காமல், முகவீணை இழுப்பதை மூக்காலேயே இழுத்து, பலகையில் தாளம் தட்டி, கட்டியங்காரன் வருகையைப் பாடிக்கொண்டிருந்தான். ஐந்து கட்டைக்கு ஒரு நூலிழை பிசகவில்லை. அன்று மாலை சுருதிப்பெட்டியை ஏற்றி வைத்தேன். என் தொண்டைதான் கஷ்டப்பட்டது. வகுப்பு பாடியது.

மாயாமாளவகௌளையை விட்டு மோகனத்துக்கு வந்தேன். ‘ம’வும் ‘நி’யும் இல்லாத ஐந்து சுரம், அரைச்சுரத்தின் இடுக்கு எங்கும் கிடையாது, குழந்தை எப்படி வழுக்கினாலும் ஏதாவது ஒரு படியில் நிற்கும். ஹங்கேரியில் சோல்தான் கோடாய் பள்ளிப் பிள்ளைகளை இப்படி ஐந்து சுரத்திலிருந்தே, அவரவர் நாட்டுப்புறப் பாட்டிலிருந்தே ஏற்றிக்கொண்டு போனார் என்று வெகு காலம் கழித்துப் படித்தபோது, பலகையில் தட்டிய அந்தப் பையனைத்தான் நினைத்துக்கொண்டேன். காலையில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தே, மெல்லிசை மன்னர் விஸ்வநாதன் மெட்டமைத்தபடி, மோகனம்தானே.

வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை வரிசையாக நடத்தி, மண்டகப்பட்டில் பல்லவன் மகேந்திரவர்மன் குடைந்த கோயிலுக்குக் கூட்டிப்போவேன். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் எடுத்த கோயில் என்று ஏழாம் நூற்றாண்டில் அவன் வெட்டி வைத்த கல்வெட்டைத் தமிழில் சொல்லிக் கேட்டதும், ‘அப்ப எதை வச்சு சார் கட்டுனாங்க?’ என்று எப்போதும் ஒரு குரல் எழும். துவாரபாலகர் இருவரும் கதையை ஊன்றிக் காவல் நிற்க, உள்ளே வெறுமையாக இருக்கும் மூன்று அறைகளின் முன்னால் பிள்ளைகள் பாடுவார்கள். பெட்டி இல்லை, மத்தளம் இல்லை, ஜால்ரா இல்லை. பாறை அந்தக் குரலை வாங்கி, சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும். அப்போது அவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். தன் குரலைத் தானே கேட்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

2007-ல் செயல்வழிக் கற்றல் மாநிலமெங்கும் வந்தது. பாயில் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் அட்டையை அவரவர் வேகத்தில் படித்தார்கள். தெரியாத பிள்ளையை எழுப்பி நிறுத்துகிற அவமானம் குறைந்தது, அதற்கு நான் நன்றி சொல்வேன். ஆனால் மத்தியான வாய்ப்பாடு அதோடு நின்றது. ஏழுக்கு மேல் தெரியாதவனும் கூட்டத்தோடு சேர்ந்து பதினாறுவரை பாடிப் போய்விடுகிற அந்த நிழல் இல்லாமல் போனது. பிறகு ஒலிபெருக்கி வந்தது, திரை வந்தது. பாடல் கச்சிதமான சுருதியில் ஓடுகிறது, பிள்ளைகள் அழகாகக் கையசைக்கிறார்கள், வாய் மட்டும் பாதி மூடியிருக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்தை 2021-ல் மாநிலப் பாடலாக அறிவித்தபோது, பொது நிகழ்ச்சிகளில் ஒலித்தட்டைப் போடாமல் ஆட்களே பாடவேண்டும் என்றும் அரசாணை சொன்னது. அதை நான் இரண்டு தரம் படித்தேன். மனசு நிறைந்தது.

ஓய்வு பெற்ற பிறகு போன வருஷம், கலைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யக் கூப்பிட்டார்கள். அப்படி ஒரு மேடை அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. நாற்றுநடவுப் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்த சிறுமி, பலகையில் தாளம் தட்டியவனின் மகள் என்று பிறகுதான் தெரிந்தது. பின்னணி இசையை யாரோ போனில் இறக்கிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வரி பாடிப் பார்த்தாள், நிறுத்தினாள்.

‘சார், ரொம்பக் கீழ இருக்குது. ஏத்துங்க சார்.’

சுருதியைக் கூட்டும் பொத்தானை அவளே காட்டிக் கொடுத்தாள். ஒருமுறை அழுத்தினேன். தலையாட்டினாள், ‘இன்னும்’ என்று. இன்னொருமுறை அழுத்தினேன்.