பெட்ரோல் முள்ளும் ஒங்க பவுசும்

ஏலே மக்கா, லட்சத்துக்கு மேல கொட்டி வண்டி வாங்கிட்டு, கயத்தாறு தாண்டி நாலுவழிச் சாலையில பெட்ரோல் தீந்து உருட்டிக்கிட்டு வாறியே, ஒனக்கே சிரிப்பு வரல? கேட்டா, “தாத்தா, ரெண்டு கோடு காட்டுச்சு”ங்க. காட்டத்தாம்லே செய்யும். கோட்டையா எஞ்சின் குடிக்கும்?

அந்த வித்தை என்னன்னு என்னைக்காவது கேட்டியா? டேங்குக்குள்ள ஒரு மெதப்பு, அதுக்கு ஒரு கம்பிக் கை. பெட்ரோல் ஏறுனா ஏறும், வத்துனா எறங்கும். கை நகர நகர கரண்டு கூடும், கொறையும். அதுக்குத் தக்கன முள்ளு ஆடும். அம்புட்டுதான்.

டேங்கு என்ன மரக்காலா, அடியில இருந்து வாய் வரைக்கும் ஒரே அளவா இருக்க? நடுவுல சேஸ் குழாய் போவுது. அதுக்கு ரெண்டு பக்கமும் காலத் தொங்கப்போட்டு ஒக்காந்திருக்கு ஒன் டேங்கு. கீழ ரெண்டு குழி, மெதப்பு ஒண்ணே ஒண்ணு. அடுத்த குழியில கெடக்கதுக்கு அது எப்படிக் கணக்குச் சொல்லும்? சைடு ஸ்டாண்டுல சாய்ச்சு வச்சுக்கிட்டு முள்ளப் பாக்கியே, உள்ள பெட்ரோல் மட்டும் நேரா நிக்குமாக்கும்? நெறஞ்ச டேங்குல முள்ளு, சம்பளம் வாங்குன மொத வாரத்து மைனரு மாதிரி நிமுந்தே நிக்கும். பாதிக்குக் கீழ வந்துட்டா மளமளன்னு சரியும்.

அந்தக் காலத்துல ராஜ்தூத் பைக் ஓட்டுனவன் எந்த முள்ளப் பாத்தான்? மூடியத் தொறந்து பாத்தான். வண்டிய ஆட்டிக் காது குடுத்தான். வண்டி இருமுனா, ஓட்டத்துலயே குனிஞ்சு பெட்ரோல் திருக ரிசர்வுக்குத் திருப்புனான். டேங்குக்குள்ள குழாய் ரெண்டு. ஒசரக் குழாய்க்கு எட்டாத பெட்ரோல் கட்டைக் குழாய்க்கு எட்டும். அதாம்லே ரிசர்வு. அதுவும் தீந்தா, வண்டியச் சாய்ச்சு அந்தக் குழியில கெடக்கத இந்தக் குழிக்குக் கொண்டாந்தா பங்க் வரைக்கும் ஓடும். 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6-னு புகை விதி வந்துச்சு. முக்காவாசி வண்டியில கார்புரேட்டரும் போச்சு, திருகும் போச்சு. இப்ப பம்பு பெட்ரோலுக்குள்ளயே முங்கிக் கெடக்கு. அதுக்குச் சூடு தணிக்கதும் பெட்ரோல்தான். வத்த வத்த ஓட்டுனா பம்பு கருகும். செலவு யாருக்கு, முள்ளுக்கா?

இதுல திரை வேற, “இன்னும் 40 கிலோமீட்டர் போவும்”னு சோசியம் சொல்லுது. நீயும் நம்பிப் போற.

ட்ரிப் மீட்டர்னு ஒண்ணு வச்சிருக்கானே, அதத் தொட்டுப் பாத்திருக்கியா? டேங்க நெறச்சு அதப் பூஜ்யத்துல வையி. 300 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி நெற. 6 லிட்டர் பிடிச்சா, லிட்டருக்கு 50. பத்து லிட்டர் டேங்குன்னா, 400-லயே பங்குக்குள்ள வண்டிய விடு. மிச்சம் கெடந்துட்டுப் போவுது, யாரு கேட்டா?

முள்ளு ஒரேயடியாச் செத்துக் கெடந்தா, முழு மீட்டரையும் மாத்தச் சொல்லுத மெக்கானிக்க, மொதல்ல ஒயரப் பாக்கச் சொல்லு. மொகம் சுண்டும். சுண்டட்டும்.

அப்புறம், மூடியத் தொறந்து பாருன்னு கெழவன் சொன்னான்னு ராத்திரியில தீக்குச்சியக் கிழிச்சிக்கிட்டுப் போயிராதலே. ஒனக்கு அதையும் சொல்ல வேண்டியிருக்கு.