ஆறாவது மாடிக் கொடிக்கால்

ஏல, வந்ததும் வராததுமா உன் ஜன்னல்ல வெத்தலக்கொடி தொங்குதேன்னு ஒரு இலையக் கிள்ளி மோந்து பாத்தேன். ஒரு வாசமும் இல்ல. உன் பொண்டாட்டி பதறி ஓடியாந்து, “தாத்தா, அது மணி பிளான்ட்டு, வாயில வச்சிராதீங்க”ங்கா. மடியில பாக்கு எடுத்தாச்சு, சுண்ணாம்பு டப்பாவத் தொறந்தாச்சு. நல்ல வேள, புள்ள காப்பாத்திட்டா.

அவ சொன்னது சரிதான். அது வெத்தலைக்குப் பங்காளி இல்ல. சேம்பு, கருணைக்குத்தான் பங்காளி. புளி போடாம அவிச்ச கருணை தொண்டையில என்ன கூத்தாடும்னு தெரியும்லா? அதே ஊசிதான் இந்த இலையிலயும் இருக்கு. கால்சியம் ஆக்சலேட்டுன்னு எங்க தெரு தாவரவியல் வாத்தியாரு பேரு சொல்லுவாரு. உன் மவ இப்பத்தான் தவழுதா. நீ என்னடான்னா கொடிய அவ மூக்குக்கு நேரா தொங்க விட்டுருக்க. அவளுக்கு எட்டாம மேல தூக்கிக் கட்டுல. பூனை வளக்கணும்னு வேற பேச்சாமே? அதுக்கும் ஆவாது.

அம்பது வருசம் ஆத்தூர்க் கொடிக்கால்ல குனிஞ்சு நிமுந்தவன் நான். எங்க வெத்தலைக்கு 2023ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க. உனக்கு இன்னும் இன்கிரிமென்ட்டு குடுக்கலன்னு உங்கம்மா பொலம்புதா. அதனால, கொடி விசயத்துல நான் ரெண்டு வார்த்தை பேசலாம்னு நெனைக்கேன். உத்தரவு உண்டா?

மொதல்ல அந்தத் தண்ணி. காலைல காப்பி குடிக்கயில ஒரு டம்ளர், ஆபீசுக்குக் கெளம்பயில ஒரு டம்ளர், ராத்திரி வந்து செருப்பக் கழத்துததுக்கு முன்னால இன்னொண்ணு. நான் வந்து மூணு நாளாச்சு, தாத்தாவுக்குத் தண்ணி வேணுமான்னு ஒரு நாதி கேக்கல. இலை மஞ்சளாவுதத பாத்ததும் அதுக்குத் தாகம்னு நெனச்சு இன்னும் ஊத்துத. தாகம் இல்லல, மூச்சு முட்டுது. வேருக்கும் காத்து வேணும். சட்டி மண்ணு எந்நேரமும் சேறாக் கெடந்தா வேரு அழுகும், அழுகுன வேரு தண்ணிய உறிஞ்சாது, இலை தொவளும், நீ மறுபடி டம்ளரத் தூக்கிட்டு வருவ. சம்பந்தி வீட்டு விருந்துல, போதும் போதும்னு இலையக் கையால மறைச்சாலும் வெரல் சந்துல பாயசத்த ஊத்துவாவளே, அந்தக் கத.

ஆள்காட்டி விரல மண்ணுக்குள்ள ரெண்டு கணு முட்டும் விடு. ஈரம் ஒட்டுச்சுன்னா டம்ளரக் கீழ வச்சிட்டு உன் சோலியப் பாரு. காஞ்சு உதுந்துச்சுன்னா, சட்டி அடித்தொளை வழியா ஒழுகுத மாதிரி நல்லா ஊத்து. கீழத் தட்டுல தேங்குனத கொட்டிரு. சித்திரை வெயில்ல வாரத்துக்கு ஒண்ணோ ரெண்டோ மட்டம் கேக்கும். ஐப்பசி அடமழையில பத்து நாளானாலும் வாயத் தொறக்காது. இதுக்குப் போயி போன்ல அலாரம் வச்சிருக்கியாம்! மணி பிளான்ட்டுன்னா மணியடிச்சு வளக்கணும்னு எவன்ல சொன்னான்? செடிக்கு மூணு வேள மணி அடிக்கிது, ஊர்ல உங்கப்பனுக்குத்தான் அந்தப் போன்லருந்து ஒரு மணியும் அடிக்க மாட்டேங்குது.

குளியலறையில இன்னொரு சட்டி பாத்தேன். வாங்கயில மஞ்சத் தீத்தலா இருந்துச்சாம், இப்பம் வெறும் பச்சையாப் போச்சாம். சாயம் போயிட்டுன்னு கடைக்காரன்ட்ட சண்டைக்குப் போனியாமே, அது என்ன சுங்குடிச் சேலையா? வெளிச்சம் பத்தாத எடத்துல இருக்குத கொஞ்ச வெளிச்சத்தப் பிடிச்சுச் சோறாக்க அதுக்குப் பச்சைதான் வேணும். மஞ்சத் திட்டு வெறும் சிங்காரம், சம்பாதிச்சுப் போடாது. வெளிச்சத்துக்குக் கொண்டாந்தா புது இலையில மஞ்ச திரும்பும். அதுக்காவ பால்கனி உச்சி வெயில்ல நிறுத்திராத, இலை கருகிரும். எங்க வெத்தலையே அகத்தி நெழல்லதான் ஏறும். ஜன்னலுக்கு ரெண்டு முழம் உள்ள தள்ளி வையி. ஏசிக் காத்து அது மூஞ்சியில அடிக்க வேண்டாம்.

உன் பொண்டாட்டி இலைக்குத் தேங்கா எண்ண தடவுதா. பொண்ணு பாக்க யாரும் வாராவளா? எண்ணப் பிசுக்குல தூசி அப்பி, இலை மூச்சு விடுத கண்ணெல்லாம் அடைச்சுக்கிடும். ஈரத்துணியால தொடச்சாப் போதும். தொடைக்கயில அடியிலயும் பாக்கச் சொல்லு. வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி ஒளிஞ்சிருக்கும்.

இனி அந்தக் கொடி. டிவியச் சுத்தி, பிரிட்ஜச் சுத்தி, மின்விசிறியப் பாத்துப் போயிக்கிட்டு இருக்கு. நுனியில மட்டும் நாலு இலை, மிச்சமெல்லாம் மொட்டைக் கயிறு. அப்படியே உன் தலை. முன்னால நாலு மயிரு, பின்னால மைதானம். உன் தலைக்கு வைத்தியம் இல்ல, கொடிக்கு இருக்கு. வெட்டணும். “ஐயோ, அஞ்சடி வளந்துருக்கு தாத்தா”ன்னு நெஞ்சப் பிடிக்காத. கத்திரிக்காத கொடி நீளும், அடரவே அடராது. இலைக்காம்பு தண்டுல ஒட்டுத எடத்துல முண்டு மாதிரி இருக்குல்லா, அதுதான் கணு. அதுக்கு ஒரு விரக்கட கீழ வெட்டி, கணு தண்ணிக்குள்ள முங்குத மாதிரி வையி. ரெண்டு மூணு வாரத்துல வேரு எட்டிப் பாக்கும். அப்பொறம் அதே சட்டியில மொட்டையான எடத்துல ஊணு. போன மட்டம் வெறும் இலையப் பிச்சுத் தண்ணியில போட்டு ஆறு மாசம் காவல் காத்தியே! கணு இல்லாத இலையில துளிர் எங்கருந்துல வரும்?

பாட்டில்ல வச்சா வாரம் ஒருக்க தண்ணிய மாத்து. பாட்டில் உள்சுவத்தத் தேய்ச்சுக் கழுவு. ஏடிஸ் கொசு சுவர ஒட்டித்தான் முட்ட வைக்கும், காஞ்சு கெடந்தாலும் அது மாசக்கணக்குல உசுரோட இருக்கும். டெங்கு பாக்க வருத மாநகராட்சிக்காரன் டார்ச்ச மொதல்ல அடிக்குத எடம் இந்தப் பாட்டில்தான். காசு கொட்டும்னு வாங்கி வச்ச செடிக்கு நீ அபராதம் கெட்டிக்கிட்டு நிக்கணும்.

காத்தச் சுத்தம் பண்ணும்னுதான் ஒம்பது சட்டி வாங்குனியாம். நாசாக்காரன் 1989ல சோதிச்சானாம். வாத்தியாருட்ட கேட்டேன். அவன் அடைச்ச பெட்டிக்குள்ள வச்சுப் பாத்துருக்கான். 2019ல எல்லாக் கணக்கையும் திரும்பப் பாத்தவங்க, வீட்டுக்குள்ள காத்து வந்து போறதுலயே கெடைக்குத பலன் செடியால கெடைக்கணும்னா சதுர மீட்டருக்குப் பத்துலருந்து ஆயிரம் செடி வேணும்னுட்டாங்க. அம்புட்டையும் வச்சுட்டு நீ எங்கன படுப்ப, லிப்டுலயா? ஜன்னலத் தொறல.

பூக்குமான்னு கேட்ட. பூக்காது. பூ எடுக்கத் தேவையான ஜிபரெல்லின் அதுக்கு ஒழுங்கா ஊறாதாம். தன்னால பூத்ததுக்குக் கடைசியாத் தகவல் வந்தது 1964லயாம். நீ அதப் பாத்துக் காத்துக்கெடக்காத.

ஆனா, ஏறவிட்டா அதோட சேட்டையே வேற. தொங்கவிட்டா கையகல இலைதான் வரும். மரத்துல பத்திக்கிட்டு ஏறுனா இலை முறம் முறமா விரியும், ஓரம் கிழிஞ்சு வாழையில மாதிரி நிக்கும். போன மாசம் எங்க வீட்டுத் தென்னையில ஒரு கொடி போட்டா அனுப்புனேன்லா, “என்ன செடி தாத்தா, செமையா இருக்கு, எனக்கு ஒண்ணு கொண்டாங்க”ன்னியே? நீ இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சுன அன்னைக்கு, உன் ஜன்னல்லருந்து நான் கிள்ளிட்டுப் போன மூணு கணுதான்ல அது. மணி பிளான்ட்டத் திருடி வச்சாத்தான் தழைக்கும்னு ஊரே சொல்லுதப்போ, கேட்டு வாங்க எனக்கு என்ன கோட்டியா?

அம்பது வருசம் வெத்தல கிள்ளுனவனுக்கு வெத்தல எது, மத்தது எதுன்னு தெரியாதுன்னு நீங்க ரெண்டு பேரும் நம்புனீங்க பாரு, அது எனக்குப் பெரிய உபகாரம். அடுப்படியில வெள்ளையும் பச்சையுமா ஒண்ணு புதுசா வச்சிருக்காளே, அந்தச் சாதி எங்கிட்ட இல்ல. நாளைக்கு ராத்திரி நான் முத்துநகர் ரயில்ல ஏறணும். சாயங்காலம் புள்ளையையும் பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் கோயிலுக்குப் போயிட்டு வா. நான் இங்கன சும்மாதான் உக்காந்துருப்பேன்.