நாலடித் தொட்டியில் பட்டா, சிட்டா: ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களின் நில உரிமை பற்றி ஓர் ஆய்வு

கூடத்தில் மீன்தொட்டி வைப்பது மன அமைதிக்காக என்பாரும் உளர். அவர்கள் தங்கமீன் வளர்ப்பவர்கள். ஆப்பிரிக்க சிக்லிட் வளர்ப்பவன் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுமுன் கேட்கும் கேள்வி, "இன்னிக்கு யாரு யாரை அடிச்சாங்க?" என்பதே. அத்தொட்டியில் ஓயாமல் நடப்பது நிலத் தகராறு. அதை நிறுவுவது இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்களம், எங்கள் வீட்டில் டி.வி.க்கு இடப்பக்கம். தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்; ஆக 9 கன அடி, சுமார் 250 லிட்டர் தண்ணீர். கருவிகள்: பிளாஸ்டிக் நாற்காலி, டார்ச் லைட். காலம் இரண்டு ஆண்டு. நெறியாளர் என் மனைவி; புறத்தேர்வாளர் என் அம்மா. நிதி நல்கை பற்றி நெறியாளருக்குச் சொல்லவில்லை. பாயிரத்தில் ஆசிரியன் பெயர் சொல்வது மரபு. தொட்டி வந்தபிறகு வீட்டில் எனக்கு வைத்திருக்கும் பெயரை அச்சில் ஏற்ற முடியாது.

இயல் 1: நிலமும் நீரும்

இம்மீன்களின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலாவி ஏரி. பரப்பு ஏறக்குறைய 29,600 சதுர கிலோமீட்டர். ஆழமான இடத்தில் 700 மீட்டர். ஆய்வுப் பயணி டேவிட் லிவிங்ஸ்டன் 1859இல் அதன் கரைக்கு வந்து சேர்ந்தபோது மனைகள் எல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தன. பல நூறு சிக்லிட் இனங்கள் அங்கே குடியிருக்கின்றன. அனேகமாக எதுவும் உலகில் வேறெங்கும் கிடையாது. கரையோரப் பாறைகளை விட்டு நகராதவற்றை அங்குள்ள மீனவர்கள் ம்புனா என்கிறார்கள். நடுவே கொஞ்சம் மணல்வெளி வந்தால் ம்புனா அதைத் தாண்டி அடுத்த பாறைக்குப் போவது அரிது. அதனால் பாறைக்குப் பாறை நிறம் மாறும், வேறு ஊரில் பெண் எடுக்காத ஊர்க்காரர்களின் முகவெட்டுப்போல.

ஏரியின் மேற்பரப்பே வில்லங்கச் சொத்து. 1890இல் ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் செய்துகொண்ட உடன்படிக்கையைக் காட்டி, வடகிழக்கில் எதிர்க்கரைவரை தண்ணீர் எங்களுடையது என்கிறது மாலாவி. நடுக்கோடுதான் எல்லை என்கிறது தான்சானியா. ஏரியை நியாசா என்றுதான் கூப்பிடுகிறது. மேல்மாடிக்காரர்களே இப்படி இருந்தால் கீழ்வீட்டுக்காரர்களை என்ன சொல்ல?

இவ்வேரி எத்திணை என்பதில் எனக்கும் தமிழாசிரிய நண்பர் ஒருவருக்கும் கருத்து வேறுபாடு. பாறை உண்டு, பாறையிடுக்கில் கூடலும் உண்டு, எனவே குறிஞ்சி என்றேன். காலையில் ஒருத்தி, மாலையில் இன்னொருத்தி என்று திரிகிற தலைவனை வைத்துக்கொண்டு குறிஞ்சியா என்றார். மருதம் என்று முடிவாயிற்று.

தண்ணீர் கொஞ்சம் கடினமாக, காரத்தன்மையோடு, பி.ஹெச். 8ஐ ஒட்டி இருக்க வேண்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் கெய்சரைத் தின்றது. குழாய் வாயில் வெள்ளை பூத்தது. தலைமுடி கொட்டுவதற்கும் அதுவே காரணம் என்பது நெறியாளர் கொள்கை. பல ஆண்டுகளாக நாங்கள் திட்டித் தீர்த்த அத்தண்ணீர் இம்மீன்களுக்கு அப்படியே ஒத்துப்போயிற்று. இக்கண்டுபிடிப்பு இன்னும் அங்கீகாரம் பெறவில்லை.

இயல் 2: எல்லை

மணல் போடுமுன் கற்களைக் கண்ணாடித் தரையில் ஊன்றிவிட வேண்டும். மணல்மேல் கல் வைத்தவன் கெட்டான், ஏனெனில் சிக்லிட் மணல் அள்ளும். லாரி இல்லை, பொக்லைன் இல்லை, இருட்டும்வரை காத்திருக்கும் கூச்சமும் இல்லை. வாய் வாயாக அள்ளி, பட்டப்பகலில் கல்லடியில் குழி பறித்துவிடும். ஆற்றுமணலின் கதை தெரிந்த தமிழர்க்கு இதற்குமேல் உரை வேண்டா.

முதல் தொகுதியைக் கொளத்தூரில் வாங்கினேன். சென்னையில் வண்ணமீன் என்றால் கொளத்தூர். அங்கே ஒரு கடையில், "எல்லாம் சாது சார், மிக்ஸ்டா எடுத்துக்கோங்க" என்று கட்டிக்கொடுத்தார்கள். நீலத்தில் கருங்கோடு போட்ட கென்யி ஐந்து, எல்லோ மார்ஃப் நான்கு. கென்யிகளில் அடக்கமாக ஓரத்தில் நின்ற ஒன்றுக்கு நீலா என்று நெறியாளர் பெயர் வைத்தார்.

நான்காம் மாதம் நீலாவின் முதுகு மஞ்சளடிக்கத் தொடங்கியது. அடுத்து வயிறு. காமாலையோ என்று பயந்து தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றினேன். பதினைந்து நாளில் முழு மஞ்சள். அதன்பிறகுதான் விசாரித்தேன்: கென்யியில் குஞ்சும் பெண்ணும் நீலம்; ஆண் வளர்ந்து தலையெடுத்தால் மஞ்சள். நீலாவுக்குக் காமாலை இல்லை, மீசை முளைத்திருக்கிறது.

அன்றே பெரிய கருங்கல் அவன் பேருக்கு மாறியது. கல், கல்லடிப் பொந்து, நாலு பக்கமும் ஒரு சாண், மேலே ஃபில்டர் குழாய்வரை ஆகாயம். மறுவாரம் எதிர்க்கல்லையும் சேர்த்து வளைத்துக்கொண்டான். எல்லோ மார்ஃப் ஒன்று, வால் கிழிந்து, தொட்டியின் மேல்மூலையில் ஃபில்டருக்குப் பின்னால் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வருவாய்த் துறைச் சொல்லில் அது புறம்போக்கில் குடியிருப்பு.

இதற்குத் தீர்வு கூட்டத்தைக் கூட்டுவது. மீன் பையோடு நான் உள்ளே வந்தபோது நெறியாளர் கேட்டார், "ஏங்க, அடிச்சுக்குதுன்னா குறைப்பாங்களா, இன்னும் ஏழு வாங்கிட்டு வருவாங்களா?" கேள்வி நியாயமானது, விடைதான் தலைகீழ். மீன் குறைவாக இருந்தால் அடி முழுக்க ஒன்றின்மேல் விழுந்து அது சாகும். நெருக்கமாக இருந்தால் யாரைத் துரத்துவது என்று துரத்துகிறவனுக்கே குழம்பி, அடி பங்காகிவிடும். ஒரே மருமகள் உள்ள வீட்டையும் நாலு மருமகள் உள்ள வீட்டையும் ஒப்பிட்டு உணர்க. (இவ்வுவமையை நீக்கும்படி புறத்தேர்வாளர் எழுந்து நின்று சொன்னார். ஆய்வுச் சுதந்திரம் கருதி வைத்திருக்கிறேன்.) ஃபில்டர் மட்டும் பெரிதாக வேண்டும், வாரம் தவறாமல் தண்ணீரில் மூன்றிலொரு பங்கு மாற்ற வேண்டும்.

புதியவர்களை விடுமுன் மறு நில அளவை அவசியம். கற்களை எல்லாம் எடுத்து வேறு மாதிரி அடுக்கினால் பழைய பட்டா செல்லாது. நீலா அரைமணி நேரம், கோப்பைத் தொலைத்த குமாஸ்தாபோல அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். அந்த அரைமணிக்குள் புதியவர்கள் மனை பிடித்துவிட்டார்கள். இப்போது மாதம் ஒருமுறை ஜமாபந்தி நடக்கிறது. அமைதி ஒரு வாரம் தாங்கும்.

சண்டையில் சேராத மீனும் சும்மா இருப்பதில்லை. தாங்கன்யிகா ஏரியின் பர்டோனி என்ற சிக்லிட்டை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த சோதனை 2007இல் 'நேச்சர்' இதழில் வந்தது. முதலாவது இரண்டாவதை அடித்தது, இரண்டாவது மூன்றாவதை, இப்படியே ஐந்தாவதுவரை. ஓரமாக ஒரு மீன் வேடிக்கை பார்த்தது. பிறகு, தங்களுக்குள் மோதியே இராத இரண்டாவதையும் நான்காவதையும் காட்டியபோது, வேடிக்கை பார்த்த மீன் இளைத்தவனான நான்காவதன் பக்கமே போயிற்று. தருக்க நூலார் அனுமானம் என்று ஏடு ஏடாக எழுதியதை அது வாலாட்டிக்கொண்டே முடித்துவிட்டது. எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் யார் பக்கத்தில் உட்காருவது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இயல் 3: உணவு

ம்புனாக்களில் பெரும்பாலானவை பாறைப்பாசி கொறிப்பவை. பாசம் பொங்கிப் புழுவும் இறைச்சியும் போட்டுப் பழக்கினால் வயிறு உப்பிச் செத்துப்போகும் என்பது வளர்த்தவர்கள் கண்ட அனுபவம். கீரை போடலாம். இவ்வியல் முற்றிற்று.

இயல் 4: வாய்மொழித் தேர்வு

ஒரு நாள் தீனி போட்டபோது எல்லாம் மேலே பாய்ந்து வர, எல்லோ மார்ஃப் ஒருத்தி மட்டும் வரவில்லை. கல்லுக்குப் பின்னால் நின்றாள். தாடை கீழே தொங்கிப் புடைத்திருந்தது, வெற்றிலை ஒதுக்கிய பாட்டியின் கன்னம்போல. அவ்வப்போது மெல்லுகிற மாதிரி ஓர் அசைவு. வாய் நிறைய முட்டை. அவற்றைப் புரட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இவ்வகை மீன்களில் பெண் முட்டையிட்டதும் திரும்பி அதை வாயில் அள்ளிக்கொள்ளும். ஆணின் அடித்துடுப்பில் முட்டைபோலவே மஞ்சள் பொட்டுகள் இருக்கும். அவற்றையும் முட்டை என்று நினைத்துக் கொத்தப் போகும்போது ஆணின் விந்து வாய்க்குள் போய், உள்ளேயே முட்டை சினைப்படுகிறது. இவ்விளக்கத்தை 1962இல் சொன்னவர் வொல்ஃப்காங் விக்லர். பொட்டு வெறும் கவர்ச்சிக்கே என்பாரும் உளர். பிறகு மூன்று வாரம் அவள் பட்டினி. தந்தை அடுத்த கல்லைப் பார்க்கப் போய்விடுவான். நண்பர் சொன்ன மருதம் இதுவே.

இதையெல்லாம் புறத்தேர்வாளருக்கு நாற்பது நிமிடம் விளக்கினேன். முறுக்கைக் கடித்தபடி கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஜிலேபி மாதிரின்னு சொல்லேன்டா. நம்ம ஊர் குளத்துல ஜிலேபி வாயிலேர்ந்து குஞ்சு கக்குமே, நீ பார்த்ததில்ல?"

தேர்வாளர் கூற்று சரி. ஜிலேபிக் கெண்டை என்று நாம் குழம்பு வைப்பது மொசாம்பிக் திலேப்பியா. ஆப்பிரிக்க சிக்லிட், வாயில் அடைகாப்பது. 1952இல் இந்தியாவுக்கு வந்தது. எழுபது ஆண்டுக்கு மேலாக ஊரே தின்று தீர்க்கிற குடும்பத்தின் ஒன்றுவிட்ட உறவினர்களுக்கு நான் மாதாமாதம் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இருபதாம் நாள் தேர்வு. கையை நனைத்துக்கொண்டு, ஈர வலையோடு அவளைப் பிடித்து, கிண்ணத்தின்மேல் தலைகீழாகச் சாய்த்து, பல்குத்தும் குச்சியால் கீழுதட்டை மெல்ல விலக்கினேன். ஒன்று விழுந்தது. அரிசி நீளம், பெரிய கண், வயிற்றில் கரு ஒட்டிய தடம். பிறகு கொத்தாக விழுந்தன. நெறியாளர் எண்ணினார்: 17. முதல் முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு அவரே உட்கார்ந்தார். ஆய்வேடு ஏற்கப்பட்டதாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. வளர வளர நாலு குஞ்சுகளின் மஞ்சள் உடம்பில் மங்கலாகக் கோடு தெரிகிறது. நீலாவை விசாரித்தேன், கல்லுக்குள் போய்விட்டான்.

வேண்டுகோள்

குஞ்சுகள் இப்போது ஓர் அங்குலம். பதினேழு பேருக்கும் பட்டா கொடுக்க நாலடியில் இடமில்லை. வேண்டுவோர் மூடியுள்ள வாளியோடு வந்து இலவசமாக எடுத்துப்போகலாம்; வாரிசுச் சான்றிதழ் கேட்கக் கூடாது. பக்கத்து ஏரியில் விட்டுவிடலாமே என்று யோசனை சொல்பவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். 1952இல் வந்த ஜிலேபியே இன்னும் காலி செய்யவில்லை.