விளக்கணைக்கும் பரோபகாரி

குடியிருப்புகளின் கார் நிறுத்துமிடங்களில், ஞாயிற்றுக்கிழமைக் காலை வேளைகளில், அயலார் கார் ஒன்றின் ஸ்டியரிங்குக்கு அடியில் சிரசை நுழைத்து, மடித்துக் கட்டிய லுங்கியுடன் கூடிய பின்பாகத்தை மட்டும் உலகத்தின் தரிசனத்துக்கு விட்டுவைத்திருக்கும் கனவான் ஒருவரை நீங்கள் அவசியம் பார்த்திருப்பீர்கள். திருடரோ என்று சந்தேகிக்க வேண்டாம், அவர் பரோபகாரி. அவர் கையில் இருப்பது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனர். தேடுவது, அதைச் செருகுவதற்கான 16 பின் சாக்கெட்.

நம் காரில் செக் என்ஜின் விளக்கு மஞ்சளாக எரிகிறது என்ற சமாசாரம் வாட்ச்மேன் மூலம் அவர் செவிக்கு எட்டிவிட்டால் போதும். நாம் பல் துலக்கி முடிப்பதற்குள் வாசலில் பிரசன்னமாகிவிடுவார். “ஒர்க்‌ஷாப்ல விடலாம்னு பார்க்கிறேன் சார்” என்று நாம் இழுத்தால், “எதுக்கு சார் தண்டச் செலவு? ரெண்டு நிமிஷ வேலை. சாவியைக் குடுங்க” என்பார்.

அமெரிக்காவில் 1996-ஆம் வருஷ மாடல்களிலிருந்து கட்டாயமாக்கப்பட்டு, பிற்பாடு பிற தேசங்களுக்கும் பரவிய ஓபிடி-2 என்னும் சுயபரிசோதனை முறைப்படி, கார் தன் உபாதையை ஓர் எழுத்தும் நான்கு இலக்கமுமாகச் சொல்கிறது. உதாரணமாக, பி0171 என்றால், என்ஜினுக்குள் காற்று மிகுதி, அல்லது பெட்ரோல் குறைவு என்பதே தாத்பரியம். அதற்குக் காரணம் வெடித்துப்போன ஹோஸாக இருக்கலாம், அழுக்கேறிய காற்றளவு சென்சாராக இருக்கலாம், சோர்ந்துபோன பெட்ரோல் பம்பாகவும் இருக்கலாம். நம் கனவானோ, பி0300 என்றால் ஸ்பார்க் பிளக், பி0420 என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று, எண்ணுக்கொரு பாகமாகப் பாராயணம் செய்து வைத்திருப்பவர். நம் காரின் பி0171-ஐக் கண்டதும், “ஆக்ஸிஜன் சென்சார் போச்சு சார்!” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். நடந்ததை நடந்தபடி சொன்ன சாட்சியான அந்த சென்சாரையே தூக்கில் போடும் அந்த நியாயஸ்தலத்தில் அப்பீலுக்கு இடம் கிடையாது.

பிறகு, செல்போனில் ‘கிளியர்’ என்ற பொத்தானை, சுண்டுவிரல் விலகி நிற்க, ஆள்காட்டி விரலால் அழுத்துவார். விளக்கு அணையும். டிகிரி காபி ஒரு டம்ளர் உள்ளே போகும். ஆனால் இவ்வகைக் கோளாற்றை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்ட பிறகே கார் விளக்கேற்றுவது வழக்கமாகையால், அவர் கீர்த்தி புதன்கிழமை வரையிலாவது நிலைத்திருக்கும்.

“மறுபடியும் எரியுதே சார்?”

“அது வேற, இது வேற.”

“நம்பர் அதேதானே?”

“நம்பர் அதேதான் சார். கோளாறு வேற!”

இந்த உபகாரத்தில் உள்ள அபகாரம் என்னவென்றால், அழிவது எண் மட்டுமன்று. கோளாறு நேர்ந்த க்ஷணத்தில் என்ஜினின் சூடு என்ன, வேகம் என்ன, சுழற்சி என்ன என்று கார் சிரத்தையாகப் பதிந்து வைத்த விவரமும், தானே நடத்தி முடித்த சோதனைகளின் நிலவரமும் கூடவே துடைக்கப்பட்டுவிடுகின்றன. கடைசியில் மெக்கானிக்கிடம் போனால், “எதை வச்சு சார் பார்க்கிறது?” என்று அவர் தலையைச் சொறிகிறார்.

ஆகையால், பரோபகாரி வந்தால் உபசரியுங்கள். எண்ணைப் படிக்கவும் விடுங்கள். அதையும் விவரங்களையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அழிக்கும் பொத்தானை மட்டும், ரிப்பேர் முடிந்த பிறகு மெக்கானிக் அழுத்தட்டும்.