காசிமேட்டில் விடியல் வாய் நாற்றத்தைக் கண்டறிவதில் உள்ள இடர்ப்பாடுகள்

தூங்கி எழுந்ததும் வாய் ஏன் நாறுகிறது என்பது அறிவியலார் தீர்த்துவிட்ட வழக்கு. உறக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைகிறது. நாக்கின் பின்பாதியில் காற்றுப் படாத இடுக்குகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள், புரத மிச்சங்களைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெத்தில் மெர்காப்டன் ஆகிய கந்தக வாயுக்களை இரவெல்லாம் தயாரிக்கின்றன. வாயைத் திறந்து குறட்டை விடுவோரிடம் நாற்றம் கூடுதல். தீராத வழக்கு ஒன்றுதான்: இதைச் சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் சிக்கல் 'காலை'. மற்ற சென்னை குறட்டையில் இருக்கும்போதே மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் சூடுபிடித்துவிடும். எனவே இக்கட்டுரையில் காலை என்பது, அவரவர் எழுந்த நேரம்.

அடுத்தது கருவி. வாய் நாற்றத்தை அளக்க இன்றும் நம்பப்படும் கருவி மனித மூக்கு. பயிற்சி பெற்றவர் முகர்ந்து பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார். அவரை ஏலக்கூடத்தில் வஞ்சிரம், சங்கரா, உருகும் ஐஸ், டீசல் இவற்றுக்கு நடுவே நிறுத்திப் பாருங்கள். கடல்மீன் செத்தபின் அதன் உடம்பிலுள்ள டிரைமெத்திலமீன் ஆக்சைடை பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமீனாக மாற்றுகின்றன. கவிச்சிக்கு அதுதான் முக்கியக் காரணம். சற்று நேரத்தில் மூக்கு பழகிக் கைவிரித்துவிடும். ஏலம் கூவுபவர் பல் விளக்கினாரா என்பதற்கு அங்கே விடையில்லை. கேட்பாரும் இல்லை.

ஆகவே ஆய்வுக்கு உகந்தது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமே. விசைப்படகுகள் கரையில் கிடக்க, ஆண்கள் வீட்டில் விழிக்கிறார்கள். (நாட்டுப்படகுகள் போய்வருவதால் கவிச்சி முற்றிலும் ஒழியாது, ஆய்வின் குறையாக இதைப் பதிகிறோம்.) "யோவ், மொதல்ல போய் வாய கொப்ளிச்சினு வாயா" என்பது அப்போது கிடைக்கும் முதல்நிலைத் தரவு. 1920களில் லிஸ்டரின் கம்பெனி விளம்பரங்களுக்குக் காசை இறைத்து அமெரிக்கர்களுக்கு ஊட்டிய வெட்கம், இங்கே அடுப்படியிலிருந்து இலவசமாக வந்துவிடுகிறது.

தீர்வுகளில் வேப்பங்குச்சியும் ரோஸ் நிறக் கோபால் பல்பொடியும் பல்லோடு நின்றுவிடுகின்றன. நாற்றத்தின் உறைவிடம் நாக்கு என்பதால் நாக்கு வழிப்பானுக்கே எம் வாக்கு. ஆயினும் காசிமேட்டின் தனிக்கொடையாக முன்வைக்கத் தக்கது முதல்நாள் மீன்குழம்பு. புளியின் அமிலம் டிரைமெத்திலமீனை ஆவியாகவிடாமல் உப்பாக்கிப் பிடித்துவைக்கிறது. அதே புளிப்பு நாக்கில் பட்டதும் உமிழ்நீர் பெருகி, இரவுச் சரக்கை அடித்துக்கொண்டு போகிறது. மீனின் நாற்றத்துக்கும் மனிதனின் நாற்றத்துக்கும் ஒரே கரண்டி. இதைச் சோதிக்கப் பழையதும் குழம்புமாக ஒருவரை உட்காரவைத்தால் மட்டும் ஒரு நடைமுறைத் தொல்லை: ஊதிக் காட்ட அவர் வாயைத் திறப்பதில்லை, இன்னொரு கரண்டி கேட்கத்தான் திறக்கிறார்.