மீசை மட்டும் முளைச்ச ஹீரோ

ஏலே பேராண்டி, எடின்பரோவுல நூத்துக்கணக்கான பேரு வருசக்கணக்கா முட்டி மோதிச் செஞ்ச ஜி.டி.ஏ. கேம, நீ ஒத்தையாளா மாடி ரூம்புல செய்யப் போறியாமே! செய்யி, நல்லதுதாம். இதுவரைக்கும் ஹீரோவுக்கு மீசை முளைச்சிருக்கு. நடக்கத்தான் வரல.

கேம் கம்பெனிக்காரன் மீசையப் பாத்தா வேலை குடுப்பான்? அவன் முன்னால நூறு பய லிங்க் கெடக்கு. ஜிப் ஃபைல எறக்கு, அவிழு, வைரஸ் எச்சரிக்கையத் தாண்டுன்னு அலைய வச்சியோ, அடுத்தவன் லிங்க்குக்குத் தாவிருவான். வெப் பில்டா இட்ச்.ஐஓ தளத்துல ஏத்து. தட்டுனா பிரவுசர்லயே ஓடணும். அங்க காசு கெடையாது. ஸ்டீம் கடைக்காரன் ஒரு கேமுக்கு 100 டாலர் கேப்பான், அத ஒங்கப்பன்கிட்ட நீயே கேட்டுக்கோ.

ஆட்டம் சின்னதா இருந்தாப் போதும். செலஸ்ட்னு ஒரு கேம் சொல்லுதாவளே, அது 2015-ல ரெண்டு பேரு நாலு நாள்ல பிகோ-8ங்குத மென்பொருள்ல செஞ்ச குட்டி ஆட்டம். ஒரு புள்ள மலையேறுதா, அவ்வளவுதாம் கதை. அதையே பெரிசாக்கி 2018-ல வித்தாவ. (என்னலே முழிக்க? நீ போன்ல கத்துததெல்லாம் திண்ணை வரைக்கும் கேக்கும்.) அந்த ஆட்டத்துல ஒரு கள்ளத்தனம் உண்டு. பாறை விளிம்ப விட்டுக் கால் நழுவின பொறவும், கண்ணிமைக்கிற நேரத்துக்குத் தாவ விடுவான். கயோட்டி டைம்னு பேராம். ஆடுதவன் தான்தான் கெட்டிக்காரன்னு நெனச்சுக்கிடுவான். இப்படி ஒண்ண ஒன் ஆட்டத்துல வையி. எதுக்கு வச்சேன், எத்தனை நொடி வச்சேன், கூட்டுனா என்ன கெட்டுதுன்னு ஆட்டத்துக்குக் கீழ நாலு வரி எழுது. யூட்யூப் பாத்து எல்லாப் பயலும் அச்சடிச்ச பறவை ஆட்டத்துல அந்த நாலு வரி இருக்காது.

படம் வரைய வராதுன்னா சதுரத்தையே ஓட விடு. இல்லன்னா கென்னி தளத்துல படம் சும்மாவே கெடக்கு, எடுத்துக்கோ. ஆனா நான் வரைஞ்சேன்னு மட்டும் பீத்தாத. கூட்டாளிகளோட செஞ்சதுன்னா ஒன் பங்கு எதுன்னு தனியா எழுது. சில கேம் ஜாம் போட்டில 48 மணி நேரத்துல ஒரு ஆட்டத்த முடிச்சுக் குடுக்கணுமாம். ஒனக்கு எந்திரிச்சுப் பல்லு வெளக்கவே அவ்வளவு நேரம் ஆவும். இருந்தாலும் பேரக் குடு.

அந்தப் போனை இங்க தா, நான் ஆடிப் பாக்கேன். எந்தப் பட்டன்னு நீ வாயத் தொறக்கப்படாது. நான் எங்க முழிக்கேன்னு மட்டும் பாரு, குறிச்சுக்கோ. ஏலே, இதென்ன, தொடங்குத எடமே தெரியலியே!